வரட்டும், வரட்டும்

எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில் ஒரு வாகனம் தனியாகப் பின்னுக்குப் போய் நான் கண்டதில்லை. பிளேஸ்டோவில் நாங்கள் போகிற மாதா கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிந்து யாராவது காரை எடுக்கத் தொடங்கினால் போதும், அதுவரை வாசலில் கதை அளந்துகொண்டு நின்ற நாலு ஆண்கள் ஓடிவந்து பின்னால் நின்றுவிடுவார்கள். ஒருவர் "வரட்டும், வரட்டும்" என்பார். இன்னொருவர் "வெட்டு, வெட்டு" என்று காற்றிலே ஸ்டியரிங் சுற்றிக் காட்டுவார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் காரின் பின்பக்கத்தைக் கையால் தட்டுவார். நாலாமவர் ரோட்டில் இறங்கி, வருகிற பஸ்ஸை மறிப்பார். காரில் கமரா இருக்கிறது, ஏதும் கிட்ட வந்தால் கத்துகிற கருவியும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். எங்களுக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்க வேண்டும்.

அந்த நாலு பேரில் முதலாமவன் நான்தான். பெயர் செபமாலைமுத்து, சொந்த இடம் மன்னார். இங்கே, இந்த வெள்ளைக்கார ஊரில், ஒரு ரயில் நிலையத்தில் மேடையில் நிற்கிற வேலை. கதவெல்லாம் பூட்டியாயிற்றா என்று பார்த்து நான் கையைத் தூக்கினால்தான் ரயில் புறப்படும். எட்டுப் பெட்டி ரயிலே என் கைக்குக் கட்டுப்படும்போது ஒரு கார் எம்மாத்திரம்? அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. எனக்கு லைசென்ஸ் இல்லை. ஐந்து தடவை சோதனைக்குப் போய் ஐந்திலும் தவறினேன். ஆறாம் தடவை போக வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் வாகனம் ஓட்டுகிற ஆள் என் மனைவி பியற்றிஸ். இது அவளுடைய கதை. ஆனால் நடுவில் நான் புகுந்து செய்த வேலையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

பியற்றிஸ் டகனம் பக்கம் ஒரு பெரிய பேக்கரியில் ஒன்பது வருடம் மா குழைக்கிற மண்டபத்தில் நின்றவள். அங்கே காற்றில் எந்நேரமும் மா பறக்கும். முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை, போட்டும் பலனில்லை. ஏழாம் வருடம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடிப்பாள். "மாவினால் வந்த தொய்வு, மாவை விட்டு விலகினால் குறையும்" என்றார் டொக்டர். விலகி எங்கே போவது? பேக்கரியின் பின்பக்கம் பாண் ஏற்றுகிற லொறிகள் வரிசையாக நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் காற்று வாங்க வெளியே வந்து நிற்பவள் அந்த லொறிகளைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "நான் லொறி ஓடப் பழகப் போறன்" என்றாள். நான் சிரித்தேன். எட்டு மாதத்தில் லைசென்ஸோடு வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் அவள் பாண் லொறி ஓட்டினாள். விடியற்காலை புறப்பட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் மேசை லாச்சிக்குள் கிடந்து தூசி பிடித்தது. படியில் அவள் நிற்காமல் ஏறுகிற சத்தம் எங்கள் மகள் ஏஞ்சலாவுக்கும் எனக்கும் பழகிப்போய், அப்படி ஒரு காலம் இருந்ததையே மறந்துவிட்டோம்.

போன ஓகஸ்ட் மாதம் அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன பியற்றிஸ், ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"சின்ன லொறியளை எல்லாம் நிப்பாட்டப் போகினம். இனி எல்லாம் ரெண்டு பெட்டி வண்டிதானாம்."

ரெண்டு பெட்டி வண்டி என்றால் லொறியின் முதுகில் ஒரு பெட்டி, அதற்குப் பின்னால் சொந்தச் சில்லுகளோடு இன்னொரு பெட்டி. நடுவில் ஒரு இரும்புக் கம்பு. நெடுஞ்சாலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை ஓட்ட வேறு லைசென்ஸ் வேண்டும். கொம்பனியே பழக்கும், கொம்பனி வளவிலேயே சோதனையும் நடக்கும், ஒவ்வொருவருக்கும் நாலு தடவை. ஒக்டோபர் முடிவதற்குள் எடுக்காதவர்களுக்கு மண்டபத்துக்குள் வேலை தருவார்களாம்.

மண்டபம் என்றால் மா. அன்று பின்னேரம் அவள் லாச்சியைத் திறந்து அந்தப் பம்பை எடுத்து, காலாவதித் திகதி பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றேன். "ரெண்டு பெட்டி என்ன, இருபது பெட்டி எண்டாலும் ஓடுவீர்."

முன்னுக்கு ஓட்டுவதில் உண்மையாகவே சிக்கல் இருக்கவில்லை. கொலின் என்று ஒரு வெள்ளைக்காரன் பழக்கினான். வளைவில் பின்பெட்டி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதற்கு இடம் விட்டு அகலமாக எடுக்க வேண்டும், இதெல்லாம் ஒரு கிழமையில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கம்பைக் கழற்றிப் பூட்டுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்னுக்கு எடுப்பதுதான் உயிரை எடுத்தது. செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பின்னுக்குப் போய், தரையில் கீறிய கட்டத்துக்குள் பின்பெட்டியின் வால் நிற்க வேண்டும்.

அது ஏன் கஷ்டம் என்று அவள் எனக்குக் குசினி மேசையில் விளங்கப்படுத்தினாள். இரண்டு மாரி பிஸ்கட் பெட்டி, நடுவில் ஒரு ஐஸ்கிரீம் குச்சி, குச்சியின் இரண்டு நுனியிலும் குண்டூசி.

"இஞ்ச பாருங்கோ. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினா லொறியின்ர வால் வலப்பக்கம் போகும். ஆனால் குச்சி இடப்பக்கம் மடங்கும். குச்சி இடப்பக்கம் மடங்கினாத்தான் பின்பெட்டியின்ர வால் வலப்பக்கம் போகும்."

"அப்ப கடைசியில சரியான பக்கம்தானே போகுது?"

"கடைசியில. அதுக்குள்ள குச்சி கனக்க மடங்கினா எல்லாம் முறிஞ்சு போயிடும்."

நான் பிஸ்கட் பெட்டியைத் தள்ளிப் பார்த்தேன். குச்சி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், என் கோபம் ஒரு பக்கம். இரண்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு அது ஓரளவு பிடிபட்டது. ஏஞ்சலா பிஸ்கட்டைத் திறந்து தின்னும்வரை நானும் பியற்றிஸும் அந்த மேசையில் தினமும் சரக்கு ஏற்றி இறக்கினோம். பின்னால் நின்று கைகாட்டியது யார் என்று கேட்கவே தேவையில்லை.

முதல் சோதனை செப்ரெம்பர் நடுவில். இடப்பக்கக் கூம்பு ஒன்றைச் சாய்த்துவிட்டாள். இரண்டாவது ஒக்டோபர் முதல் கிழமை. கூம்பு ஒன்றும் விழவில்லை, ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் அதிக தடவை எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"கொலின் ஒரு விசர்க்கதை சொல்றான்."

"என்னவாம்?"

"நான் கண்ணாடியைப் பார்த்திட்டு ஆருக்கோ காத்துக்கொண்டு நிக்கிறனாம். பார்க்கிறன், நிக்கிறன், பிறகுதான் திருப்புறனாம். அதுக்குள்ள பிந்திப்போகுதாம். 'யாரை எதிர்பார்க்கிறாய்' எண்டு கேட்டான்."

"அவனுக்கு என்ன தெரியும்," என்றேன் நான். உண்மையில் எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் சோதனை நாள். நான் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு லீவு போட்டேன். பஸ் எடுத்து டகனம் போய், கொம்பனி வளவின் பின்பக்கக் கம்பி வேலியோரம், புல்லுக்குள் போய் நின்றேன். சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன், சத்தியமாக. அவள் என்னைக் காண மாட்டாள், ஒரு செபத்தைச் சொல்லிக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

வண்டி மஞ்சள் விளக்கு மின்ன, பீப் பீப் என்று பின்னுக்கு வரத் தொடங்கியது. சோதனை எடுக்கிற பெண் கையில் பலகையும் பேனையுமாக ஒரு பக்கத்தில் நின்றாள். முதல் வளைவு நன்றாக வந்தது. இரண்டாவது வளைவில் பின்பெட்டியின் வால் இடப்பக்கக் கூம்பைத் தேடிப் போகத் தொடங்கியது. எனக்குத் தெரிகிறது. வேலியிலிருந்து அப்பட்டமாகத் தெரிகிறது. பியற்றிஸ் நின்றாள். கொலின் சொன்ன அந்த நிற்றல். இன்னும் ஒரு முழம் போனால் கூம்பு. மண்டபம், மா, படியில் சுவரைப் பிடிக்கிற கை எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வலப்பக்கம் வெட்டு! வெட்டு! ஆ, போதும்! இனி வரட்டும்! வரட்டும்! வரட்டும்!"

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில் கத்தினேன். ஒரு கையை மேலே தூக்கியும் விட்டேன், ரயிலுக்குத் தூக்குவதைப் போல. பியற்றிஸ் நான் சொன்னபடியே வெட்டினாள், நான் சொன்ன இடத்தில் நிறுத்தினாள், நான் சொன்னபடியே வந்தாள். பின்பெட்டி அச்சுக் குலையாமல் கட்டத்துக்குள் போய் நின்றது. நான் தலைகால் தெரியாத சந்தோஷத்தில் கை தட்டினேன்.

அந்தப் பெண் பலகையைக் கீழே இறக்கிவிட்டு வேலியடிக்கு வந்தாள். கோபமாகக் கூட இல்லை, மரியாதையாகத்தான் கேட்டாள், நீங்கள் யார் என்று.

"புருசன்," என்றேன்.

வெளியாளின் உதவி என்று எழுதி, சோதனையை அந்த இடத்திலேயே முடித்துவிட்டாள். கொலின் என்னைப் பார்த்து, பியற்றிஸைப் பார்த்து, திரும்ப என்னைப் பார்த்தான். "இப்போது விளங்குகிறது, அவள் யாருக்குக் காத்திருந்தாள் என்று," என்றான்.

வீட்டுக்குக் காரில் வந்தோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். டகனத்திலிருந்து பிளேஸ்டோ வரை இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து மூடினேன். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு காருக்கு நடுவே ஒரு இடம் இருந்தது. அவள் பின்னுக்கு எடுக்கத் தயாரானதும், இருபது வருடப் பழக்கம், என் கை தானாகக் கதவைத் திறந்தது.

"இறங்க வேண்டாம்!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கதவை மூடினேன்.

"இருபது வருசமா நான் கண்ணாடியில ரோட்டைப் பார்க்கேல்லை," என்றாள். "உங்களைத்தான் பார்த்தனான். பின்னால எவ்வளவு இடம் கிடக்கு எண்டு எனக்குத் தெரியாது. உங்கட கை எங்க கிடக்கு எண்டுதான் தெரியும். வேலையில கடையளுக்குப் பின்னாலயும் எப்பவும் ஒரு ஆள் நிண்டு கைகாட்டுவான். இண்டைக்கு உங்கட சத்தம் கேட்டவுடனே எவ்வளவு சுகமாக் கிடந்தது தெரியுமே? அதுதான் எனக்குக் கோவம். உங்களில இல்லை."

அவள் அந்த இடத்தை விட்டுவிட்டு, தெருவின் அந்தலையில், நேராக முன்னுக்குப் போய் நிறுத்தக்கூடிய ஒரு இடத்தில் காரை விட்டாள். வீட்டுக்கு நடந்து வந்தோம். அவள் முன்னால், நான் பத்தடி பின்னால்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏஞ்சலா வேறு, பல்கலைக்கழகத்தால் வந்தவள், கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் டிரைவிங் ரெஸ்ற்றில ஆறாம் தரமும் ஃபெயில்," என்றாள். சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் பிழையும் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். நான் ஏன் ஒவ்வொரு தடவையும் இறங்கி ஓடினேன்? அவளுக்கு உதவியா? ஓட்டத் தெரிந்தவள் அவள். தெரியாதவன் நான். காரில் பக்கத்துச் சீற்றில் சும்மா குந்தியிருக்க எனக்கு வெட்கம். இறங்கிப் பின்னால் நின்று கத்தினால் ஊர் பார்க்கும், முத்துதான் காரை விட்டவன் என்று நினைக்கும். அவ்வளவுதான் விஷயம். இதை நான் என் வாயால் சொல்ல ஐம்பத்திரண்டு வயது ஆகவேண்டியிருந்தது.

நாலாவது தடவை ஒக்டோபர் இருபத்தெட்டுக்குக் கிடைத்தது. அதுதான் கடைசி. அதற்கு முதல் ஞாயிறு தமிழ்ப் பூசை. கோயில் வளவில் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நாங்கள் ஏறினோம். அவள் ஸ்டார்ட் பண்ணினாள். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? கண்ணாடியில் பார்த்தால் பின்னால் மூன்று பேர் வந்து அணிவகுத்து நிற்கிறார்கள். அவர்களில் இளையவன் கிருசாந்தன் கையைத் தூக்கியே விட்டான். "வரட்டும் அக்கா, வரட்டும்!"

நான் இறங்கினேன். பியற்றிஸ் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. நான் நேரே பின்னால் போய், "எல்லாரும் தள்ளுங்கோ! ஒருத்தரும் கத்தக் கூடாது! கைகாட்டக் கூடாது! போய்த் தேத்தண்ணி குடியுங்கோ!" என்று மூன்று பேரையும் மாட்டைக் கலைப்பதுபோல கோயில் மண்டபப் பக்கம் கலைத்துவிட்டேன்.

"முத்தண்ணை, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்றான் கிருசாந்தன்.

"அவவுக்குத் தெரியும், போடா."

திரும்பி வந்து காருக்குள் இருந்தேன். பியற்றிஸ் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, தானே இறங்கிப் போனாள். பின்பக்கம் போய், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, குனிந்து சில்லைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், காலடியால் அளந்தாள். திரும்ப வந்து ஏறி, பின்னுக்கு எடுத்தாள். கார் சுகமாக வெளியே வந்தது.

"கொலின் சொன்னவன்," என்றாள் ரோட்டுக்கு ஏறிய பிறகு. "சந்தேகம் எண்டால் இறங்கிப் பார். சோதனையிலயும் இறங்கிப் பார்க்கலாம், ஒருத்தரும் தடுக்க மாட்டினம் எண்டு. நான்தான் அதை ஒரு நாளும் செய்யேல்லை."

"ஏன்?"

"நீங்கள் இருக்கேக்க எனக்கு இறங்குற தேவை எங்க வந்தது?"

இருபத்தெட்டாம் திகதி காலை, "நீங்களும் வாங்கோ," என்றாள். "ஆனால் கண்ணில படப்படாது, காதில விழவும் படாது."

கொலின் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். அலுவலகக் கட்டிடத்துக்கு மற்றப் பக்கம் பழைய கொண்டெயினர் ஒன்றில் சின்னக் கஃபே. ஜன்னல் ரோட்டுப் பக்கம்தான். அங்கே என்னை இருத்தி, தேத்தண்ணி ஒன்று வாங்கித் தந்து, விரலைக் காட்டி, "இங்கேயே இரு," என்றான். வளர்ப்பு நாய்க்குச் சொல்வதைப் போல. நானும் அப்படியே இருந்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. கேட்க மட்டும் முடிந்தது. பீப் பீப் என்று அது பின்னுக்குப் போகத் தொடங்கியதும் நான் செபமாலையை எடுத்தேன். ஒரு அருள் நிறைந்த மரியே, இரண்டு அருள் நிறைந்த மரியே. பீப் சத்தம் ஒரே சீராக வந்தது. முதல் வளைவு போயிருக்கும். மூன்றாவதைச் சொல்லும்போது பீப் நின்றது.

நின்றுவிட்டது. அந்த நிற்றல்தான் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாவது வளைவு. இடப்பக்கக் கூம்பு. என் கால் தானாக எழும்பப் பார்த்தது. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தேத்தண்ணி தளும்பி மேசையில் ஊற்றியது. கஃபேக்காரி என்னைப் பார்த்தாள்.

உஸ் என்று கைப் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறக்கிற சத்தம்.

இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் நடந்து பின்னால் போகிறாள், கூம்பைப் பார்க்கிறாள், குச்சி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பார்க்கிறாள், திரும்பி நடக்கிறாள். எல்லாவற்றையும் என் மனதுக்குள் அவளோடு நடந்தேன். ஆறு அருள் நிறைந்த மரியே முடிந்தது. கதவு அடிபட்டது. இஞ்சின் கொஞ்சம் உறுமியது. முன்னுக்கு எடுக்கிறாள், நேராக்குகிறாள். பிறகு பீப். பீப். பீப். ஒரு தடவை கூட நிற்கவில்லை. அது எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. உஸ் என்று கடைசியாக ஒரு சத்தம், இஞ்சின் அணைந்தது.

அதற்குப் பிறகு கழற்றிப் பூட்டுகிற வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருபது நிமிடம், அரை மணி நேரம். நான் செபமாலையை முழுக்கச் சொல்லி முடித்து மறுபடி தொடங்கினேன். ஆறிப்போன தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

பியற்றிஸ். மஞ்சள் சட்டை, கையில் கையுறை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வந்து எனக்கு முன்னால் இருந்தாள். என்னுடைய கோப்பையை இழுத்தெடுத்து ஒரே மூச்சில் மீதித் தேத்தண்ணியைக் குடித்தாள்.

"சீனி காணாது," என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேத்தண்ணியில் குறை கண்டுபிடிக்கிறாள் என்றால் எல்லாம் சரி. நான் அழத் தொடங்கினேன். கஃபேக்காரி என்ன நினைத்தாளோ, ஒரு தட்டில் கேக் துண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பியற்றிஸ் கையுறையைக் கழற்றாமலே என் கையைப் பிடித்தாள்.

"வால் கட்டத்துக்கு நடுவில," என்றாள். "ஒரு சாண் இல்லை, அரைச் சாண் இல்லை. நடுவில."

"நான் கேட்டனான்," என்றேன். "எல்லாம் கேட்டனான். இறங்கினீர்."

"ஓம். இறங்கிப் பார்த்தன். கூம்புக்கு இன்னும் நாலடி கிடந்தது. நான் கண்ணாடியில பார்த்து அரை அடிதான் கிடக்கு எண்டு பயந்து போனன். நாலடி! ஒரு மாட்டு வண்டில் விடலாம்." அவள் சிரித்தாள். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து ஆழமாக ஒரு மூச்சு எடுத்து விட்டாள், எடுக்க முடிகிறது என்று எனக்குக் காட்டுவதைப் போல.

வளவில் தேறியவர்களுக்கு அடுத்த நாள் தெருவில் ஓட்டுகிற சோதனை. அதில் எங்களுக்குப் பயமில்லை, அவளும் ஏமாற்றவில்லை. ஒக்டோபர் முப்பத்தொன்று கழிந்தது. மண்டபத்துக்குள் போனவர்கள் மூன்று பேர், பியற்றிஸ் அதில் இல்லை. நவம்பர் முதல் திங்கள் ரெண்டு பெட்டி வண்டியில் பாண் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனாள். மத்தியானம் வந்து மூன்று மாடிப் படியையும் நிற்காமல் ஏறினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். நாற்பத்திரண்டு படி.

அந்தச் சனிக்கிழமை சாமான் வாங்கிவிட்டுக் காரில் வீட்டுக்கு வந்தோம். எங்கள் வாசலில் அதே இடம், இரண்டு காருக்கு நடுவே. அவள் முன்னால் போய் நிறுத்திப் பின்னுக்கு எடுக்கத் தயாரானாள். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்தேன். அது இப்போது எனக்குப் பழகிவிட்டது, கை விறைத்தாலும் பரவாயில்லை. நேராக முன்னால் ஒரு லாம்புக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கார் அசையவில்லை.

"இறங்குங்கோ," என்றாள்.

"ஏன்?"

"பின்னுக்குப் போய் நில்லுங்கோ."

"உமக்குத்தான் இப்ப ஆள் தேவையில்லையே."

"எனக்குத் தேவையில்லை," என்றாள் பியற்றிஸ். "உங்களுக்குத் தேவை. கையைப் பாருங்கோ, நீலம் பாரிச்சுப் போச்சு."

வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. நான் இறங்கிப் பின்னால் போய், என்னுடைய பழைய இடத்தில் நின்று, இரண்டு கையையும் தூக்கினேன். தெருவில் சைக்கிளில் வந்த ஒருவர் பயந்து ஒதுங்கினார். "வரட்டும்! வரட்டும்! வரட்டும்!" என்று ரயில் நிலையத்துக்குக் கேட்கும்படி கத்தினேன். கார் ஒரே தரத்தில் உள்ளே வந்து, ஓரத்துக்கு ஒட்டியபடி நின்றது. அது வந்த நேரம் முழுக்க நான் குனிந்து கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபடிதான் நின்றேன். அவள் ஒரு தடவை கூட என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.